கடலுக்குள் போகும் கத்திக்கு எது காவல்?

கேள்வி: ஐயா, விசைப்படகுகளின் புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சிக்கிக்கொண்டால் மூழ்கி அறுத்தெடுக்கும் வேலைக்கு நான் போய் வருகிறேன். கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொண்டு அடித்து வாங்கிய கத்தியை வைத்திருக்கிறேன். நைலான் வலையை அது அறுப்பதுபோல் கடையில் வாங்கிய எந்தக் கத்தியும் அறுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் உறையிலிருந்து எடுக்கும்போது செந்நிறத் துரு படிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் பயனில்லை. எதைப் பூசினால் துருப்பிடிக்காது?
— வாசகர், வீராம்பட்டினம், புதுச்சேரி

பதில்: எதைப் பூசுவது என்பதைவிட எப்போது பூசுவது என்பதையே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. அதில் கரிமம் அரை சதவீதத்தை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பதால், முறையாகத் துவைச்சல் கொடுத்தால், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கினால், கூர் நீடித்து நிற்கும். ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் ஒரு சதவீத அளவில் இருந்தாலே அதிகம். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்வதற்குக் குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம் வேண்டும். ஆகவே உங்கள் கத்திக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

கத்தி நீருக்குள் இருக்கும் நேரத்தில் அதற்கு நேரும் சேதம் மிகச் சிறியது. கடல்நீரில் முழுவதும் மூழ்கிக் கிடக்கும் சாதாரண எஃகு ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான் அரிக்கப்படுகிறது. துரு உண்டாக நீர், உப்பு, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர வேண்டும். நம் பகுதியின் வெதுவெதுப்பான கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம் மட்டுமே. அதே ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கத்தியை வெளியே எடுத்தவுடன் அதன் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒட்டியிருக்க, அதன் வழியாகக் காற்றின் ஆக்சிஜன் தடையில்லாமல் எஃகைச் சென்றடைகிறது. கடலில் நாட்டிய இரும்புத் தூண்களைக் கவனித்தால், எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியைவிட அலை அடித்து நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் பகுதியே மிகுதியாக அரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இதற்கும் பெரும்பகுதி காரணம் அதுவே.

இன்னொரு காரணமும் உண்டு. துடைத்துக் காயவைத்தாலும், கழுவாத கத்தியில் உப்பு தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் அதைவிட வறண்ட காற்று வீசும் நாள் அரிது. எனவே நீங்கள் காய்ந்துவிட்டது என்று எண்ணி உறையில் செருகிய கத்தி, இரவு முழுவதும் ஈரமாகவே இருந்திருக்கிறது. உப்பின் மேல் தடவிய எண்ணெய், எந்த எண்ணெயாக இருந்தாலும், அந்த ஈரத்தை உள்ளேயே வைத்து மூடுகிறதே தவிர வேறெதுவும் செய்வதில்லை. உங்கள் தேங்காய் எண்ணெய் பயன்படாமல் போனதற்கு இதுதான் முதல் காரணம். அது நாட்பட நாட்படக் காறிப்போய் அமிலத்தன்மை பெறுவது இரண்டாவது காரணம்.

ஆகவே படகிலேயே ஒரு கேன் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியதும், மற்ற எதையும் கழற்றுவதற்கு முன், கத்தியை அதில் முக்கி அலசிவிடுங்கள். கரைக்கு வந்தபின் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு, அலகும் பிடியும் சேரும் இடுக்கை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும், அங்குதான் கண்ணுக்கும் தெரியாது. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். புதுச்சேரி, கடலூர்க் கடலோரங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளில் கடல்நீர் புகுந்து உப்பு ஏறியிருக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரால் கத்தியைக் கழுவுவது வீண் வேலை. குடிநீரையோ, மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

நன்றாகத் துடைத்து வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ உலர்த்தியபின் எண்ணெய் தடவலாம். தையல் இயந்திர எண்ணெய் இடுக்குகளுக்குள் இறங்கும். விளக்கெண்ணெய் கெட்டியாக ஒட்டி நிற்கும், எளிதில் காய்ந்து பிசினாவதுமில்லை. டபிள்யூ.டி.-40 போன்ற தெளிப்பான்கள் ஈரத்தை விரட்டுவதற்கு நல்லவை. ஆனால் அவை விட்டுச்செல்லும் படலம் மெல்லியது என்பதால், அதற்கு மேலும் ஓர் எண்ணெய் தேவை. மறுமுறை மூழ்குவதற்கு முன் வாசலினையோ ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கப்படும் லானோலினையோ அலகின் இருபுறமும் மெல்லப் பூசிக்கொள்ளுங்கள். நீரில் எளிதில் கழுவப்படாதவை இவை. பூசிய கையை நன்றாகத் துடைத்துவிட்டே முகமூடியையும் ரப்பர் வளையங்களையும் தொட வேண்டும், ஏனெனில் பெட்ரோலியப் பொருட்கள் பலவகை ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய்ப் பசை படவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் கலந்த கலவையைப் பயன்படுத்துவோருக்கு அது தீ விபத்தில் முடியலாம்.

இத்தனை செய்தாலும் வெட்டுவாய் மட்டும் காவலில்லாமல்தான் இருக்கும். முதல் கயிற்றை அறுத்தவுடனே அங்கிருந்த பூச்சு போய்விடும். பெயின்ட், கறுப்பாக்கல் என எதைச் செய்தாலும் இதே கதிதான். அலகின் மிக மெல்லிய பகுதியும் அதுவே என்பதால் ஓரிரவுத் துருவுக்கே கூர் மழுங்கிவிடும். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, புதிதாக வெளிப்பட்ட எஃகின் மேல் உடனே எண்ணெய் தடவுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

கேள்வி: என் கணவரின் கத்தியில் துரு ஏறினால் புளி போட்டுத் தேய்த்து, அடுப்புத் தீயில் வாட்டி ஈரத்தைப் போக்கித் தோல் உறையில் வைக்கிறேன். பளபளப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்போல் கூர் நிற்பதில்லை என்கிறார். கத்தியில் சிறு சிறு குழிகளும் விழுந்துள்ளன.
— வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: புளியில் தவறில்லை அம்மா. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். தேய்த்த பின் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, அமிலத்தை முறித்து, உடனே துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். துரு நீங்கிய வெற்று எஃகு சில நிமிடங்களிலேயே மறுபடி சிவக்கும். அடுப்பில் வாட்டுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். துவைச்சலுக்குப் பின் கத்திகளுக்குக் கடைசியாகக் கொடுக்கும் பதச் சூடு பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும்; அதை மிஞ்சிச் சூடேறினால் கடினம் குறையும். அடுப்புத் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடானது. அலகின் நுனி நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று பொருள். கொல்லரிடம் கொடுத்து மீண்டும் துவைச்சல் வைக்க வேண்டியதுதான்.

குழிகள் உப்பிலுள்ள குளோரைடின் வேலை. மேலே தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் குழியின் அடியில் உப்பு தங்கி உள்நோக்கி அரிக்கும். ஆழமில்லாதவற்றை உப்புத்தாளால் தேய்த்தெடுக்கலாம். தோல் உறை உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட தோலில் அமிலமும் இருக்கும். கடலுக்கு அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் உறை, வீட்டில் எண்ணெய்த் துணி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்திக்குக் கால்வனைஸ் செய்தாலோ துத்தநாகத் துண்டைக் கட்டினாலோ என்ன?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கால்வனைஸ் செய்ய எஃகை 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய துத்தநாகத்தில் முக்குவார்கள். மேலே சொன்ன காரணத்தால் கத்தி அதோடு கத்தியாக இருக்காது. துண்டு கட்டுவது அறிவியலுக்குப் பொருந்திய யோசனைதான்; கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இதே முறையை ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1824-லேயே முன்மொழிந்தார். எஃகோடு உலோகத்துக்கு உலோகம் தொட்டு, இரண்டும் கடல்நீரில் இருக்கும்வரை துத்தநாகம் தான் கரைந்து எஃகைக் காக்கும். நீரை விட்டு வெளியே வந்தால் அந்தக் காவல் ஏறக்குறைய முடிந்துவிடும், துரு பிடிப்பதோ வெளியேதான். மாறாக, பித்தளை ஆணியோ வளையமோ பிடியில் இருந்தால், அதன் அருகிலுள்ள எஃகுதான் வேகமாகக் கரையும். அவற்றைக் கழற்றிவிட்டு மரம் அல்லது பிளாஸ்டிக் பிடி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? ஸ்டெயின்லெஸ் கத்தியே வாங்கிவிட்டால் என்ன?
— வாசகர், புதுச்சேரி

பதில்: வாரம் ஒருமுறை பொழுதுபோக்குக்கு மூழ்குகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். டைட்டானியம் கத்தி கடலில் துருப்பிடிப்பதே இல்லை. ஆனால் கூர் சீக்கிரம் போய்விடும். 420 எனப்படும் வகைத் துருப்பிடிக்காத எஃகும் கழுவாமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அன்றாடம் வலை அறுக்கிறவர்களுக்கு என் யோசனை வேறு: வேலைக்குப் பட்டறைக் கத்தியை வைத்துக்கொண்டு, வலையில் தாமே சிக்கிக்கொள்ளும் ஆபத்துக்காக, ரம்பப் பல் கொண்ட சிறிய துருப்பிடிக்காத கத்தி ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் தனியாகக் கட்டிக்கொள்ளலாம்.