பிள்ளைகளோடு பழவேற்காடு: கேட்டதும் சொன்னதும்

பல வருடமாகப் பறவை பார்க்கப் பழவேற்காடு ஏரிக்குப் போய்வருபவன் என்பதால், வட சென்னைக் குடும்பங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சார், முழுப்பரீட்சை லீவில் போகலாமா? (தண்டையார்பேட்டை)

வேண்டாம். வெயில் தாங்காது, பறவையும் குறைந்துவிடும். பொங்கல் லீவில் போங்கள்.

எங்களிடம் கார் இல்லை. (திருவொற்றியூர்)

அதனால் என்ன? கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ் இருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால் நல்லது.

அண்ணா, பூநாரை (ஃபிளமிங்கோ) ஏன் தலைகீழாகத் தின்கிறது என்று என் பொண்ணு கேட்கிறாள். (எண்ணூர்)

கெட்டிக்காரப் பொண்ணு! அதன் அலகு நடுவில் வளைந்திருக்கும். தலையைக் கவிழ்த்தால் மேல் அலகு கீழே வந்துவிடும். நாக்கை அடிபம்பு போல முன்னும் பின்னும் ஆட்டிச் சேற்றுத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருப்பது, பாசியையும் பொடி இறாலையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும். அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகை இளஞ்சிவப்பாக்குகிறது. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான், அதனால்தான் நடந்தே மேய்கின்றன. பைனாகுலர் இருந்தால் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்: நின்ற இடத்திலேயே சேற்றை மிதிமிதி என்று மிதித்துக் கலக்கும்.

படகில் கிட்டே போகலாமா? (ராயபுரம்)

யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குடும்பமாக வந்தவர்கள். படகு நெருங்கினால் கூட்டமும் எழும்பிப் பறந்துவிடும், அப்புறம் எதைப் பார்ப்பது? பாலத்தில் நின்றே பாருங்கள். இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஆசையென்றால் சூலூர்ப்பேட்டை போய், ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் நில்லுங்கள்.

பறவை சலித்துப்போனால்? (மணலி)

டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள். 1600களிலேயே டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். கல்லறை வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். என் பையன் அன்று வீடு திரும்பியதும் பூநாரையை மறந்து எலும்புக்கூட்டைத்தான் வரைந்தான்.

கருங்கல் பாறை மேல் ஏறிக் கடல் பார்க்க ஆசை. காசிமேட்டுக் கல் போதாதா? (புதுவண்ணாரப்பேட்டை)

அது பாறை இல்லை தம்பி, லாரியில் வந்து கொட்டிய கல். தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகம் மறித்துக்கொள்ள, மெரினா அகன்றது, நம் கரை கரைந்தது. அதைத் தடுக்கப் போட்டவை. பாசி பிடித்து வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். பிள்ளைகளை ஏற்றாதீர்கள். நிஜப் பாறைக்கு மாமல்லபுரம் போங்கள், அது வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு.