கிரீனில் மேடு வைப்பது யாருக்காக?

கேள்வி: ஈசிஆரில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிய தோட்டத்தில், மூன்று குழி கொண்ட சின்ன கோல்ஃப் மைதானம் போடுகிறோம். ‘கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரையில்) நாலைந்து மேடு வைத்தால்தான் ஆட்டம் கஷ்டமாக, நன்றாக இருக்கும்’ என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?
- வாசகர், திருவான்மியூர்

பதில்: கஷ்டமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. நன்றாக இருக்குமா என்பது வேறு விஷயம். வந்த பந்தையெல்லாம் தள்ளிவிடுகிற மேட்டை ஜேசிபி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் போடலாம்.

கேரம் ஆடியிருப்பீர்கள். நேர்வழி அடைபட்டால் கட்டையில் அடித்துத் திருப்புவோம் இல்லையா? சரிவும் அப்படிப் பயன்பட வேண்டும். ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் மைதானத்தில் 15-வது குழிக்கு ‘ரெடான்’ என்று பெயர். பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. கிரீன், முன் வலது மூலையிலிருந்து பின் இடது மூலைக்குச் சாய்ந்து கிடக்கும். இடப்பக்கம் ஆழமான பங்கர் (மணல் பள்ளம்) காத்திருக்கும். குழியில் நட்ட கொடியை நேராகக் குறிவைத்தால் பங்கரில் விழலாம், தாண்டினாலும் பந்து நிற்காமல் ஓடிவிடும். கிரீனின் முன் வலது தோளில், அதாவது உயர்ந்த ஓரத்தில் இறக்கினால், அதே சரிவே பந்தைக் கொடிப்பக்கம் உருட்டிக்கொண்டு போகும். உலகமெங்கும் இதை நகலெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 14-வது குழியிலோ ஒரு பங்கர்கூடக் கிடையாது. கிரீனின் நெளிவுக்காகவே அங்கே ஆட்டக்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள்.

சரி, உங்கள் கிரீனுக்கு வருவோம். குழி வெட்டப்போகும் இடங்களில் சரிவு 10 அடிக்கு 3 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். குழியைச் சுற்றி மூன்றடிக்குச் சாய்வு சீராக இருக்கட்டும். குழியை மாற்றி மாற்றி வெட்ட, ஒரு கிரீனில் இப்படி நாலைந்து இடமாவது தேவை. இல்லாவிட்டால் தினமும் ஒரே இடத்தில் கால் பட்டுப் புல் செத்துவிடும். மேடெல்லாம் இந்த இடங்களுக்கு நடுவில்தான்.

பந்து உருளும் வேகத்தையும் மறக்காதீர்கள். புல்லை ஒட்ட வெட்டினால் கிரீன் போரிக் பவுடர் போட்ட போர்டு மாதிரி ஆகிவிடும். சாதாரணச் சரிவில்கூடப் பந்து நிற்காது. சித்திரை வெயிலில் அவ்வளவு கட்டையாக வெட்டினால் புல்லும் தாங்காது. டிவியில் பார்க்கும் வேகத்துக்கு ஆசைப்படாமல் கொஞ்சம் மெதுவாக வைத்துக்கொண்டால், தாராளமாக நெளிவு வைக்கலாம். என்னைக் கேட்டால் இது நமக்குக் கிடைத்த வசதி.

அப்புறம் ஐப்பசி மழை. கிண்ணம் போலக் குழித்துவிட்டால் கிரீன் குளமாகும். தண்ணீர் இரண்டு மூன்று பக்கமாக வழிய வேண்டும், எல்லாம் ஆட்டக்காரர் ஏறி வரும் முன்பக்கமாகவே ஓடக் கூடாது. கடலோர மணல் தண்ணீரை நன்றாக இழுக்கும் என்பது உங்களுக்குச் சாதகம். கிணற்றுநீர் உப்பாக இருந்தால் பெர்முடா புல்லைவிட, உப்பைத் தாங்கும் பாஸ்பேலம் புல் பார்க்கலாம்.

புல் வைப்பதற்கு முன், மண்ணை மட்டும் குவித்துவிட்டுக் கான்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மேட்டையும் காட்டி, ‘இதை வைத்துப் பந்தைக் கொடிப்பக்கம் கொண்டுபோக எங்கே இறக்கணும்?’ என்று கேளுங்கள். பதில் வராத மேட்டை அன்றைக்கே வழித்துவிடச் சொல்லுங்கள். ஜேசிபி அங்கேதானே நிற்கும்.