ஒரு கேம் ஓடவில்லை என்பதற்காக ஸ்டூடியோவையே மூடுவது ஏன்?

கேள்வி: வீடியோ கேமில் பணம் கொட்டுகிறது என்கிறார்கள். ஆனால் பெரிய பட்ஜெட் கேம் ஒன்று ஊற்றிக்கொண்டால் நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மட்டமான கேம் எடுத்தால் அப்படித்தானே ஆகும்?

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் படித்துக்கொண்டே இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் 14 மாதம் உழைத்த கேம் மட்டமா நல்லதா என்று யாருக்கும் தெரியாது. அது வெளியே வரவே இல்லை.

முதலில் கணக்கு. கேம் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். அமெரிக்காவில் சம்பளம், இன்சூரன்ஸ், வாடகை எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று ஒரு தோராயக் கணக்கு துறையில் ரொம்ப நாள் புழங்கியது. 200 பேர் என்றால் மாதம் 20 லட்சம் டாலர். ஐந்து வருஷத்தில் 12 கோடி டாலர். விளம்பரச் செலவு தனி. அந்த ஐந்து வருஷமும் வரவு பூஜ்யம். 70 டாலர் கேமில் ஆன்லைன் கடை 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 49. போட்டதை எடுக்கவே கிட்டத்தட்ட 25 லட்சம் பேர் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். பப்ளிஷர் (கேமை வெளியிடும் கம்பெனி) பணம் போட்டிருந்தால், அந்த அட்வான்ஸ் கழிந்த பிறகுதான் ஸ்டூடியோ கையில் ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, வரும். பாதி கட்டிய வீட்டையாவது விற்கலாம், பாதியில் நிற்கும் கேமை வாங்க ஆள் கிடையாது.

மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது கமெண்டில் வருவார்கள். 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி கொடுத்த ஆவணத்தில் எண்களின் மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள், அது சரியாக மறையவில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-க்கு 22 கோடி டாலர் ஆகியிருந்தது. 2013-ல் வந்த 'டோம்ப் ரெய்டர்' நாலு வாரத்தில் 34 லட்சம் விற்றும், எதிர்பார்த்த அளவு இல்லை என்றது அதன் பப்ளிஷர் ஸ்கொயர் எனிக்ஸ்.

என்னை அதிகம் உறுத்துவது '38 ஸ்டூடியோஸ்' என்ற அமெரிக்க கேம் கம்பெனியின் கதை. பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங் ஆரம்பித்த கம்பெனி அது. 2010-ல் ரோட் ஐலண்ட் மாநிலம் 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்து அவர்களைத் தன் ஊருக்கு இழுத்தது. 2012 பிப்ரவரியில் அவர்களின் 'கிங்டம்ஸ் ஆஃப் அமலர்: ரெக்கனிங்' கேம் வந்தது. விமர்சனங்கள் நன்றாகவே இருந்தன. முதல் 90 நாளில் 12 லட்சத்துக்கு மேல் விற்றது. போட்ட காசு தேற 30 லட்சம் விற்றிருக்க வேண்டும் என்றார் அப்போதைய கவர்னர். இதற்கு நடுவில், முடியாமல் கிடந்த ஆன்லைன் கேம் ஒன்று மாதாமாதம் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. மே மாதம் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய 11.25 லட்சம் டாலர் தவணை தவறியது. சம்பளம் நின்றது. மே 24 அன்று அத்தனை பேருக்கும் வேலை போனது. மாநிலம் விட்டுக் குடிபெயர்ந்த சிலரின் பழைய வீட்டை விற்றுக் கொடுப்பதாக கம்பெனி சொல்லியிருந்தது. அந்த வீட்டுக் கடன் இன்னும் தங்கள் பேரிலேயே இருப்பது வேலை போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இதில் 'மட்டமான கேம்' எங்கே வருகிறது?

என் கதைக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு ஆர்ட் அவுட்சோர்ஸிங் ஸ்டூடியோவில், அதாவது மற்ற கம்பெனிகளின் கேமுக்கு ஆர்ட் வேலை செய்து கொடுக்கும் இடத்தில், நான் 3டி ஆர்ட்டிஸ்ட். வெளிநாட்டு பப்ளிஷர் ஒருவரின் கேமுக்குப் பழைய துறைமுகம் ஒன்றை நாங்கள் இருபத்திரண்டு பேர் செய்தோம். கயிறு, கப்பி, மரப்பெட்டி, கிடங்குக் கதவு. அந்தக் கதவின் கீல் மட்டும் மூன்று முறை திரும்பி வந்தது. "துரு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது" என்று எக்ஸலில் சிவப்பில் எழுதியிருந்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். தீபாவளிக்கு விருதுநகர் போனபோது கொல்லைக் கதவின் கீலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். மழைச்சாரல் படும் பக்கம் துரு பொருக்காக உரிந்திருந்தது, எண்ணெய் போட்ட இடம் கறுத்திருந்தது, ஆணியைச் சுற்றி மட்டும் செம்மண் நிறம். "அதுல என்னடா அப்படிப் பார்க்குற?" என்றாள் அம்மா. அந்தப் படத்தை வைத்துச் செய்தேன், நாலாவது முறை ஓகே ஆனது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் லீட் எல்லாரையும் கூப்பிட்டார். வேலையை நிறுத்தச் சொல்லி மெயில் வந்திருந்தது. பப்ளிஷரின் வேறொரு கேம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, அதனால் எங்களுடையதை ரத்து செய்துவிட்டார்கள். அதாவது யாரோ செய்த கேம் விற்காததற்கு எங்கள் துறைமுகம் போனது. மைல்ஸ்டோன் (வேலையில் முன்பே குறித்த ஒரு கட்டம்) முடிந்தால்தான் பணம் என்பது ஒப்பந்தம். எங்கள் மைல்ஸ்டோனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இருபத்திரண்டு பேரில் ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் அதில் இல்லை.

மேனேஜ்மென்ட்டுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். சொதப்பலான முடிவுகளும் உண்டு. சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' கேமை இரண்டே வாரத்தில் நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அக்டோபரில் அதைச் செய்த ஸ்டூடியோவையும் மூடியது. இலவச கேம்கள் குவிந்துகிடக்கும் இடத்தில் 40 டாலர் விலை வைத்தது தப்பு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த விலையைக் கீலுக்குத் துரு பூசியவர் வைக்கவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் முடியாது. இதற்கு முன் நான் வேலை பார்த்த இரண்டு கேம்கள் வெளிவந்தன. இரண்டிலும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் எங்கள் ஸ்டூடியோ பெயர் ஒரு வரி, ஆட்கள் பெயர் கிடையாது. அக்கா பையன் ஒன்றை முழுக்க ஆடி முடித்து, இருபது நிமிஷம் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க பேரு வரலையே" என்று போன் செய்தான். எங்கள் பெயர்களைச் சேர்க்க எத்தனை ரூபாய் கூடுதலாகிவிடும்?

ரத்தான கேமைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் இன்னும் அமலில் இருக்கிறது. அதில் செய்த எதையும் போர்ட்ஃபோலியோவில் (வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில்) போடக் கூடாது. அடுத்த இன்டர்வியூவில், "இந்த 14 மாதம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். ஒரு துறைமுகம் செய்தோம், காட்ட முடியாது என்றேன். என்னிடம் காட்ட இருந்தது போனில் இருந்த அந்தக் கொல்லைக் கதவுப் படம் மட்டும்தான். அதைத்தான் காட்டினேன்.