இரையுண்டு முடித்த புழுக்கள் கூட்டுப்புழுவாகாமல் நிற்பது குறித்து

வணக்கம். ஸ்காட்லாந்தில் நவம்பரில் பன்றி உடலை வைத்து நீங்கள் செய்த சோதனையில், கலிஃபோரா விசினா என்னும் நீல ஈயின் புழுக்கள் இரையுண்டு முடித்துப் பல வாரங்களாகியும் கூட்டுப்புழுவாகவில்லை என்றும், வெப்பநிலையை வைத்துப் புழுக்களின் வயதைக் கணிக்கும் கணக்கு பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பருவகால உறக்கநிலையையே நான் முதலில் ஐயுறுவேன்.

இலையுதிர் காலத்தில் பகற்பொழுது குறுகுவதைத் தாய் ஈ உணர்ந்து இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள், சூழல் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால், இரையுண்டு முடித்த நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்போது வெப்பத்தைக் கூட்டி வயதைக் கணிக்கும் முறை செல்லாது. புழுக்களின் வயதைக் கொண்டு ஒருவர் இறந்த நேரத்தை மதிப்பிடும் உண்மை வழக்கில் இதைக் கவனிக்காவிட்டால் பெரும் பிழையாகிவிடும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். ஆகவே இரையுண்ணும் பருவம் வரையிலான வளர்ச்சியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஐயத்தைத் தீர்க்க, 16 மணி நேர வெளிச்சத்தில் வளர்த்த ஈக்களின் புழுக்களையும் அதே குளிரில் வைத்து ஒப்பிடுங்கள்; அவை மட்டும் கூட்டுப்புழுவானால் காரணம் உறக்கநிலையே.