தென்னைக்கு மருந்தா, எருக்குழிக்கு மருந்தா?

கேள்வி: நான்கு வயதுத் தென்னையில் புதிதாக விரியும் ஓலைகள் கத்தரித்த விசிறி மாதிரி இருக்கின்றன. எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள். மரத்திலிருந்து இறங்கி வந்தவையா? மரத்துக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இறங்கி வந்தவை அல்ல, இனிமேல்தான் ஏறப்போகின்றன. ஒரு புழுவை எடுத்துப் பாருங்கள். அரைவட்டமாகச் சுருண்டு, தலைக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. தென்னையைத் தாக்கும் இன்னொரு பூச்சியான சிவப்புக் கூன்வண்டின் புழுவுக்குக் கால் கிடையாது. அது மரத்துக்குள்தான் வளரும்.

காண்டாமிருக வண்டுக்கு இரண்டு வீடு. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் மக்கும் எருவிலும் அழுகிய தென்னங்கட்டையிலும்தான்; அதற்கே நான்கைந்து மாதங்களுக்கு மேல் ஆகும். வண்டான பிறகுதான் இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். தென்னைக்கோ இருப்பது ஒரே குருத்து. அது போனால் பக்கக்கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை. மாதத்துக்குச் சுமார் ஓர் ஓலைதான் விரியும். மடிந்திருக்கும் குருத்தில் விழுந்த ஒரே துளை, ஓலை விரியும்போது இருபுறமும் வெட்டாகத் தெரிகிறது. அதாவது நீங்கள் இன்று பார்ப்பது பழைய கடி. அந்த ஓலைக்கு மருந்தடிப்பது காசுக்குக் கேடு.

முதலில் எருக்குழிக்குப் போங்கள். எருவைப் புரட்டிப் புழுக்களைப் பொறுக்குங்கள். கோழி இருந்தால் பாதி வேலை அதுவே பார்த்துவிடும். பிறகு இந்தப் புழுக்களைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, குழியை ஈரமாகவும் நிழலாகவும் வைத்திருங்கள். காய்ந்த எருவில் அது வேலை செய்யாது. தோப்பில் பட்டுப்போன மரமோ அடிக்கட்டையோ கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். பலர் எருவைச் சுத்தம் செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

குருத்தடியில் புதிதாக மென்று துப்பிய நார் தெரிந்தால் வண்டு உள்ளேதான் இருக்கிறது. சுளுக்கியால் (முனையில் கொக்கியுள்ள கம்பி) குத்தி எடுங்கள். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியிலுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது போதும். துளையைத் திறந்தபடி விடாதீர்கள். காயத்தின் வாடைக்குக் கூன்வண்டு வந்து முட்டையிடும், அதன் பிறகு மரத்தைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

வண்டை வாடையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி 2 ஹெக்டேருக்கு ஒன்று வைக்கலாம். இளங்கன்றுகளுக்கு நடுவில் வேண்டாம், வரப்போரம் வையுங்கள். வாடைக்கு வரும் வண்டெல்லாம் பொறிக்குள் விழுந்துவிடாது.