டேனிஷ் சீனிப்பாகு உருளைக்கிழங்கு: பாகு ஏன் பூத்துப் போகிறது?

டென்மார்க்கில் ஓடென்ஸ் நகரில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் 24 இரவு கிறிஸ்துமஸ் விருந்து இந்த முறை எங்கள் வீட்டில். கணவர் டேனிஷ்காரர், அவர் பக்கத்து உறவுகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடுவோம். ப்ரூனெதெ கார்டொஃப்ளர், அதாவது சீனிப்பாகில் புரட்டிய பழுப்பு உருளைக்கிழங்கு, ஒருமுறை செய்து பார்த்தேன். சீனியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சி, வெந்த கிழங்கைச் சூடாகவே போட்டுக் கிளறினேன். பாகு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது, கிழங்கும் உடைந்துபோனது. எங்கே தவறு? இத்தனை பேருக்கு முன்கூட்டியே செய்து வைக்கலாமா? வருகிறவர்களில் ஒருவர் சைவம், அவருக்கு என்ன கொடுப்பது?"

நீங்கள் எழுதியதிலேயே இரண்டு காரணமும் இருக்கிறது: தண்ணீர் விட்டது ஒன்று, கிழங்கைச் சூடாகப் போட்டது இன்னொன்று.

நம் வீடுகளில் பாகு என்றால் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, விரலில் தொட்டுக் கம்பிப் பதம் பார்ப்போம். நம் இனிப்புகள் பலவற்றுக்கும் அது சரி. இங்கே வேண்டியது அந்தப் பாகு இல்லை. கம்பிப் பதம் 110 டிகிரியை ஒட்டியே வந்துவிடும், அந்த நிலையில் சீனி தண்ணீரில் கரைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதில் கரண்டியைப் போட்டுக் கிளறினால், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நாலு சீனித் துகள் உள்ளே விழுந்தாலே போதும், மொத்தப் பாகும் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி சீனியாகிவிடும். டேனிஷ்காரர்கள் செய்வது வெறும் சீனியைத் தண்ணீரே இல்லாமல் உருக்கி, 160 டிகிரிக்கு மேலே கொண்டுபோய் நிறம் மாறவைப்பது. நிறம் மாறும்போது சீனியின் ஒரு பகுதி சிதைந்து வேறு பொருள்களாகிவிடுகிறது. அதனால்தான் நன்றாக உருகிச் சிவந்த பாகு எளிதில் பூப்பதில்லை.

சரி, கிழங்குக்கு வருகிறேன், பாதி வேலை அதில்தான் இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் கணக்கு சொல்கிறேன். 3, 4 செ.மீ. அளவில் ஒரே மாதிரியான சின்னக் கிழங்காக எடுங்கள். பொதியிலேயே கட்டியாக நிற்கும் வகையா மாவு வகையா என்று போட்டிருப்பார்கள், கட்டி வகைதான் வேண்டும். (தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு: குட்டி உருளை என்று விற்பது போதும்.) உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தோலோடு வைத்து வேகவிடுங்கள், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுவில் வேகாமல் இருக்கும். கத்தி குத்தினால் லேசான எதிர்ப்போடு இறங்க வேண்டும், அந்தப் பதத்தில் இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் தோலை உரித்துவிடுங்கள். அப்புறம் மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. இதைத் தவிர்க்காதீர்கள். சூடான கிழங்கில் மாவுச்சத்து இளகிக் கிடக்கும், தொட்டாலே ஓரம் உதிரும். ஆறிக் குளிர்ந்தால் அதே மாவுச்சத்து இறுகி, கால் மணி நேரம் வாணலியில் புரட்டினாலும் உருண்டையாகவே நிற்கும்.

இத்தனை வேலை வேண்டாம் என்றால், டென்மார்க்கில் தோல் உரித்து வேகவைத்த சின்னக் கிழங்கைக் கண்ணாடிப் போத்தலிலும் டின்னிலும் அடைத்து விற்கிறார்கள், டிசம்பரில் நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. போத்தலில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலச வேண்டும், சில சமயம் உப்பு தூக்கலாக இருக்கும். ருசியில் நீங்கள் வேகவைத்ததுதான் மேல் என்பது என் கட்சி.

இப்போது அடுப்பு. வாய் அகன்ற, அடி கனமான வாணலி, உள்பக்கம் வெள்ளி நிறத்தில் இருந்தால் நல்லது, கறுப்பு நான்ஸ்டிக்கில் சீனியின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. 100 கிராம் வெள்ளைச் சீனியைச் சமமாகப் பரப்பி நடுத்தரச் சூட்டில் வையுங்கள், கரண்டியால் கிளறவே வேண்டாம். ஓரத்தில் உருக ஆரம்பித்ததும் வாணலியைப் பிடித்துச் சாய்த்துச் சுழற்றினால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் ஒரு கவனம், வளையத்தைவிட வாணலி பெரிதாக இருந்தால் நடுவில் கருகும்போது ஓரத்தில் சீனி அப்படியே கிடக்கும், அதனால் சூட்டை ஒரு படி குறைத்துப் பொறுமையாக உருக்குங்கள். எல்லாம் உருகித் தேன் நிறத்துக்கு வந்ததும் 40, 50 கிராம் வெண்ணெய். நுரைத்துப் பொங்கும். லேசாக உப்புப் போட்ட டேனிஷ் வெண்ணெயே இதற்கு நல்லது, அந்த உப்பு தேவைப்படுகிறது. வெண்ணெயை முதலில் போட்டு அதில் சீனியைக் கொட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் சீனி கொழுப்பில் கரையாது, அது உருகுவதற்குள் வெண்ணெயில் இருக்கும் பால்சத்து கருகிவிடலாம். அதனால் நான் சீனிக்குப் பிறகுதான் வெண்ணெய் என்பேன்.

கிழங்கைப் போடுவதற்குச் சற்று முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, வடிகட்டியில் நன்றாக உதறுங்கள். இங்கே மட்டும் கொஞ்சம் ஈரம் வேண்டும், அந்த ஈரம்தான் பாகை இளக்கிக் கிழங்கின் மேல் படரவைக்கிறது. சொட்டச் சொட்டப் போட்டால் பாகு தெறிக்கும், 160 டிகிரிக்கு மேலே இருக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், எனவே பிள்ளைகளை அந்த நேரம் அடுப்பங்கரைப் பக்கம் விடாதீர்கள்.

கிழங்கு விழுந்ததும் பாகு கல்லாக இறுகும். பெரும்பாலோர் பயப்படுவது இந்த நிமிடத்தில்தான். சில்லென்ற கிழங்கு பட்டதால் வந்தது அது, கெட்டுப் போகவில்லை. சூட்டைக் கூட்டாதீர்கள், பெயர்க்க முயற்சி செய்யாதீர்கள். நடுத்தரச் சூட்டில் சில நிமிடம் விட்டால் மறுபடி இளகும், பிடிவாதமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விடலாம். அதன் பிறகு 15, 20 நிமிடம், மரக்கரண்டியால் அடியில் இருந்து மென்மையாகப் புரட்டிக்கொண்டே இருந்தால் பாகு கெட்டியாகி ஒவ்வொரு கிழங்கும் பளபளவென்று பழுப்பாக வரும். இதற்கு இடையில் பாகு கறுத்துப் புகை வந்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கசப்பு போகாது. சீனி மலிவு, புதிதாகப் போடுங்கள்.

வெல்லம் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். வேண்டாம். அதில் ஈரமும் வேறு சத்துகளும் இருப்பதால் சீக்கிரம் அடிப்பிடிக்கும், தொடக்கத்திலேயே பழுப்பாக இருப்பதால் பதமும் தெரியாது.

பன்னிரண்டு பேருக்கு இரண்டு கிலோ தாராளம், ஏனென்றால் அந்த மேசையில் வெறும் வேகவைத்த வெள்ளைக் கிழங்கும் கட்டாயம் இருக்கும். பழுப்புக் கிழங்கு இனிப்புத் துணை மாதிரி, ஆளுக்கு நாலைந்து போதும், வயிற்றை நிரப்புவதும் குழம்பை உறிஞ்சுவதும் வெள்ளைக் கிழங்குதான். டேனிஷ்காரர்கள் 2014இல் வாக்களித்துத் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்த வறுத்த பன்றி இறைச்சி, பார்ஸ்லி சாஸ் தட்டிலும் பக்கத்தில் இருப்பது வேகவைத்த கிழங்கேதான். அக்டோபரில் பள்ளிகளுக்கு விடும் ஒரு வார விடுமுறைக்கே உருளைக்கிழங்கு விடுமுறை என்று பேர் இருக்கிறது, ஒரு காலத்தில் பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கப் போவார்கள் என்பதால். அதனால் வெள்ளைக் கிழங்கு குழைந்திருந்தால் உங்கள் மாமியார் கண்டிப்பாகக் கவனிப்பார். இன்னொன்று, சில வீடுகளில் பாக்கெட் சிப்ஸை ஓவனில் சூடாக்கி அதே மேசையில் வைப்பார்கள், அதன் மேல் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். சிரிக்காதீர்கள், நன்றாகவே இருக்கும். உங்கள் வீட்டாருக்கு அந்த வழக்கம் உண்டா என்று கணவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிலோவையும் ஒரே வாணலியில் திணிக்காதீர்கள், பாகு ஒட்டாமல் கிழங்கு ஆவியில் வேகும். கிலோவுக்கு ஒரு வாணலி, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை. முன்கூட்டியே செய்யலாமா என்றால், வேகவைத்து உரிப்பது முந்தின நாள், பாகு அன்றைக்கு. இறைச்சியை ஓவனில் இருந்து எடுத்து ஆறவைக்கும் நேரம் இருக்கிறதே, அதில் செய்தால் சரியாக இருக்கும். முடியவே முடியாது என்றால் மதியமே செய்து வாணலியிலேயே விட்டு, பரிமாறும் முன் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மெல்லிய சூட்டில் புரட்டுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும், ருசி குறையாது.

சைவ விருந்தாளிக்கு, பழுப்புக் கிழங்கு வெண்ணெயில் செய்தால் சைவம்தான். சில வீடுகளில் வெண்ணெய்க்குப் பதில் வாத்துக் கொழுப்பு விடுவார்கள், யாராவது "இதையும் போடு" என்று கொண்டுவந்தால் ஒரு வாணலிக்கு மட்டும் போடுங்கள். மாட்டிக்கொள்வது பழுப்புக் குழம்பில்தான், அது இறைச்சியில் வடிந்த சாற்றில் செய்வது. காளானை வெண்ணெயில் நன்றாக வதக்கி, காய்கறி வேகவைத்த சாறும் கிரீமும் சேர்த்துத் தனியாக ஒரு சின்னப் பாத்திரம் வைத்துவிடுங்கள். சிவப்பு முட்டைக்கோஸையும் விசாரியுங்கள், அதிலும் வாத்துக் கொழுப்பு சேர்க்கிற வீடுகள் உண்டு.

அவருக்கு வயிறு நிறைய ஒன்று வேண்டும் என்றால் ஃப்ளூதகார்டொஃப்ளர், அதாவது கிரீமில் வேகும் கிழங்கு. ஒரு கிலோவை 3 மி.மீ. வில்லைகளாகச் சீவி, கழுவாமல் (மாவுச்சத்து போனால் கிரீம் கெட்டிப்படாது) தட்டில் அடுக்கி, 250 மி.லி. கிரீம், 250 மி.லி. பால், உப்பு, மிளகு, ஒரு பல் பூண்டு, துளி ஜாதிக்காய் கலந்து ஊற்றி, ஓவனில் 190 டிகிரியில் ஒரு மணி நேரம். அவர் பால் பொருளும் சேர்க்காதவரா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக வாணலி. விருந்து முடிந்ததும் அடியில் கண்ணாடி மாதிரி பாகு ஒட்டியிருக்கும். சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் கரைந்து போய்விடும்.