விளம்பரத்துக்கு மாதம் 15,000 கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஒன்றரை வருஷமாகிறது. தினமும் 1 கிலோ பாக்கெட் 40 போகிறது. பாதி பக்கத்துக் கடைகளுக்கு, மீதி சுற்றியுள்ள ஃபிளாட்களுக்கு நேரடியாக. விலை 60 ரூபாய். செலவு போக, கடைக்குப் போடுவதில் 12 ரூபாயும் நேரடி விற்பனையில் 20 ரூபாயும் நிற்கிறது. இதற்கு மேல் வியாபாரம் ஏறமாட்டேன் என்கிறது. மாதம் 15,000 கொடுத்தால் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். என் மகளோ, 'முதலில் ஒரு மார்க்கெட்டிங் பிளான் எழுதும்மா' என்கிறாள். அதை எப்படி எழுதுவது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அந்த 15,000-ஐ இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் கொடுத்த கணக்கையே போட்டுப் பாருங்கள். கடைக்கு 20 பாக்கெட், நேரடியாக 20 பாக்கெட் என்றால் ஒரு நாளைக்குக் கையில் நிற்பது 640 ரூபாய், லீவே எடுக்காமல் அரைத்தால் மாதம் 19,200. அதில் 15,000 போய்விட்டால் உங்கள் உழைப்புக்கு என்ன மிச்சம்? அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவே மாதம் 750 பாக்கெட் கூடுதலாக விற்க வேண்டும், அதுவும் எல்லாமே நேரடி விற்பனையாக இருந்தால்தான். தவிர, வீடியோவைப் பார்த்து ஆவடியிலிருந்து ஒருவர் மாவு கேட்டால் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?

பிளான் என்றதும் பயப்பட வேண்டாம், மகளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். முதலில் யாருக்கு விற்கிறீர்கள் என்று எழுதுங்கள். 'எல்லோருக்கும்' என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பகுதியில் தரமணி, பெருங்குடி பக்கம் வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிற கணவன் மனைவி இருப்பார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் வயதான தம்பதி இருப்பார்கள். முதல் வீட்டுக்கு மாலையில் வாட்ச்மேனிடம் வைத்துவிட்டுப் போகிற ஏற்பாடு வேண்டும். இரண்டாவது வீட்டுக்கு 1 கிலோ அதிகம், புளித்துப்போய் பாதியைக் கொட்டிவிட்டு அடுத்த முறை வாங்கத் தயங்குவார்கள், அவர்களுக்கு அரை கிலோ பாக்கெட் போடுங்கள். வியாபாரம் 40-லேயே நிற்பதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, தெருவுக்கு நாலு பேர் மாவு விற்கும்போது உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்? 'தரமானது, சுவையானது' என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். நான் சொல்வது, பாக்கெட்டில் அரைத்த நேரத்தை எழுதுங்கள். 'செவ்வாய் மாலை 5 மணிக்கு அரைத்தது' என்று மார்க்கரில் எழுதியிருந்தால், சித்திரை வெயிலில் உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டுமா, மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே விட வேண்டுமா என்று வீட்டில் இருப்பவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். (உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண், தயாரித்த தேதி, எடை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது.) இன்னொன்று, சில கடைகளில் ராத்திரி பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போவார்கள். மாவு புளித்தால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. அப்படிப்பட்ட கடையை விட்டுவிடுவதும் மார்க்கெட்டிங்தான்.

எப்படித் தெரியப்படுத்துவது? வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம், அதில் விலைப் பட்டியலைப் படத்தோடு வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும், இது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் முதல் பாக்கெட் கொடுக்கும்போதே 'இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க' என்று கேளுங்கள். கூகுள் மேப்பில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம், வீட்டு முகவரியைக் காட்டாமல் எந்தெந்தப் பகுதிக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் குறிக்கவும் வழி இருக்கிறது. அப்புறம், பெரிய ஃபிளாட் ஒன்றில் அசோசியேஷன் செயலாளரிடம் அனுமதி வாங்கி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கல்லைப் போட்டு உங்கள் மாவில் குட்டி தோசை சுட்டுக் கொடுங்கள். வீடியோ எத்தனை போட்டாலும் அந்த வாசனைக்கு ஈடாகாது.

நாள்காட்டியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, கிருத்திகை என்றால் நிறைய வீடுகளில் ராத்திரி பலகாரம்தான். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் கேட்கவே வேண்டாம். முந்தின நாளே 'நாளைக்கு மாவு வேண்டுமா?' என்று ஒரு வரி அனுப்பினால் எத்தனை கிலோ ஊறப்போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

செலவுக்கு மாதம் 1,500-க்கு மேல் வேண்டாம். பிளான் எழுதிய நோட்டுப் பக்கத்தின் அடியில் வாரா வாரம் இரண்டே எண்கள் எழுதுங்கள். புதிதாக வாங்கியவர் எத்தனை பேர், அவர்களில் மறுபடி வந்தவர் எத்தனை பேர். தினமும் தீர்ந்துபோகிற பொருளில் இரண்டாவது எண்தான் முக்கியம். புதியவர் 20 பேர் வந்து 4 பேர்தான் திரும்பி வந்தார்கள் என்றால் குறை மாவிலோ கொண்டுபோய்க் கொடுக்கும் நேரத்திலோ இருக்கிறது, விளம்பரத்தால் அது தீராது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, திரும்பி வருகிறவர்கள் நன்றாக இருந்தால், உங்கள் வீட்டைச் சுற்றி 3 கிலோமீட்டருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஃபேஸ்புக் விளம்பரத்தை 500 ரூபாய்க்கு மகளையே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆரி வொர்க் பிளவுஸ் தைக்கிறேன். ஆடி மாதம் ஆர்டரே இல்லை. தள்ளுபடி கொடுக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கொடுக்கலாம், ஆனால் கூலியில் கையை வைக்காதீர்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக வரும். தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தவர்கள் பிளவுஸ் துணியை பீரோவில் வைத்துவிட்டு, ஆவணி பிறந்ததும் ஒரே வாரத்தில் கேட்டு ஓடி வருவார்கள். ஆனி கடைசியிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள், ஆடியில் அட்வான்ஸ் கொடுத்தால் ஃபால்ஸ், ஓரம் அடிப்பது இலவசம், தேதி உறுதி என்று. மார்கழியிலும் இதையே செய்யுங்கள், தை முகூர்த்தங்களுக்கு. கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கும்போதே அவளுடைய அம்மா, அத்தை, அக்காவின் பிளவுஸையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.